நாலு முழம் பிலிம்

அடி அண்ணாமலையிலிருந்து வந்திருக்கும் வெள்ளையம்மாள் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்; கொட்டகையில் வேறு ஈ காக்கை இல்லை. மேலே புரொஜக்டரை ஓட்டிக்கொண்டு நிற்கிறார் மக்பூல். "தெருக்கூத்து சீன்ல, கூட்டத்துல எங்க வூட்டுக்காரரு நின்னு சிரிப்பாரு பாய். அவரு முகத்தப் பாக்க எங்கிட்ட ஒரு போட்டோகூட இல்ல" என்று காலையில் அவள் அவரிடம் சொல்லியிருந்தாள். இந்தப் படத்துக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரே பிரிண்ட். இளவயதில் இதே அறையில், அந்த சீனில்தான் அது அறுந்தது. ஓரத்துளைகள் கிழிந்த பிலிமைப் பூச்சரம்போல் கையால் அளந்து, நாலு முழம் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டியவர் அவர்தான். வெறும் கூட்டம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்! ஒரு முழம் ஓட ஒரு வினாடி. சாயம் போய்ச் சிவந்த படத்தில் கோடுகள் மழையாய் இறங்குகின்றன. ரீலுக்குள் அந்த ஒட்டு சுற்றிச் சுற்றி நெருங்குகிறது. கூத்து மத்தளம் கேட்கிறது. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. டக்கென்று ஒட்டு சொடுக்க, மத்தளம் பாதியில் அறுந்து, திரையில் மாட்டுவண்டி போகிறது. அவள் மெல்லத் திரும்பி, வெளிச்சத்துக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மேலே பார்க்கிறாள். "பாய், நான்தான் கண்ணச் சிமிட்டிட்டேன் போலருக்கு. அந்த எடத்த இன்னொரு வாட்டி போடுங்க."