கம்பெனிப் பலகை

“அந்த மனுஷன் பேச்சை எடுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?” அம்மா கரண்டியை ‘டங்’கென்று வைத்தாள்.

வீட்டிலேயே படிக்கும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த மாதப் பாடம், ஊர் நிலக்கரிச் சுரங்கம்.

“தாத்தா அங்கதானேம்மா வேலை பார்த்தாரு?” என்றான் மகன்.

“பார்த்து என்னத்தைக் கிழிச்சாரு? சுரங்கம் இடிஞ்ச அன்னிக்கு வேலைக்கே வராம எவளோடயோ ஓடிட்டாருன்னு கம்பெனிக்காரன் நம்ம வாசல்ல வந்து சொல்லிட்டுப் போனான். எங்கம்மா அப்புறம் தலைநிமிரவே இல்லை.”

பேச்சை மாற்ற மகள் போனை நீட்டினாள்.

“கம்பெனி புதுசா தொறந்த கண்காட்சியில எடுத்தோம்மா. இடிஞ்ச அன்னிக்கு இருந்த பலகையாம், அப்படியே வச்சிருக்காங்க. சுரங்கத்துக்குள்ள இறங்கறவங்க அவங்கவங்க நம்பர் வில்லையை இதுல மாட்டிட்டுப் போவாங்களாம். மேல வந்ததும் கழட்டிக்குவாங்களாம்.”

பளபளவென்று துடைத்து வைத்திருந்த பித்தளை வில்லைகள். அம்மா படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் தொங்கிய ஒன்றில் அவள் பார்வை நின்றது.

அலமாரியில் உப்பு வைத்திருந்த பழைய டப்பாவை எடுத்தாள். அவள் அப்பா வேலைக்குச் சோறு கொண்டுபோன டப்பா. மூடியில் ஆணியால் கீறியிருந்ததும் அதே நம்பர்.

அடுப்பை அணைத்தாள்.

“செருப்பை மாட்டுங்க. இன்னிக்குப் பாடம் அந்தக் கம்பெனிக்காரன் வாசல்ல.”