பட்டாளத்துப் பிரேக்

பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட லாரி ஒன்று, ஏலத்தில் கைமாறி, குளத்தங்கரை மேட்டுப் பட்டறையில் வந்து நின்றது. மெக்கானிக் பிச்சைக்கனி எஞ்சினைப் பிரித்து மாட்டி, புது பேட்டரியும் வைத்தார். எஞ்சின் உறுமியது. ஆனால் ஹேண்ட்பிரேக் பிடித்த பிடியை விடவில்லை.

"விட்டுக் குடுங்கண்ணே. அந்த மனுஷன் மூஞ்செல்லாம் கிரீஸோட அடியில கிடக்காரு" என்றது பேட்டரி.

"கேப்டன் நிக்கச் சொன்னாரு, நிக்கிறேன். போகவும் அவருதான் சொல்லணும்."

"சண்டை முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சே!"

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

பேட்டரிக்குப் பொறுமை போயிற்று. மினி பஸ்ஸிலிருந்து கழற்றி மாட்டிய ஹாரனைக் காட்டி, "இவருதான் புதுக் கேப்டன்" என்று ஒரு போடு போட்டது. ஹாரனும் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "போ!" என்று அலறியது. குரலில் அதட்டல் இருந்தது. பிரேக்குக்கு அது போதும். உடனே பிடியை விட்டது.

லாரி குளத்தைப் பார்த்து உருண்டது. அடியில் கிடந்த பிச்சைக்கனி அடிபடாமல் எழுந்து, தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"ஐயோ, நிக்கச் சொல்லுங்க!" என்று பேட்டரி கெஞ்சியது. பதவி வந்த குஷியில் ஹாரன், "போ! போ! போ!" என்று கத்திக்கொண்டே இருந்தது, வாய்க்குள் தண்ணீர் புகும்வரை.

ஊரே திரண்டு வந்து லாரியில் வடம் கட்டி இழுத்தது. அப்போதுதான் பிரேக் பல்லைக் கடித்துக்கொண்டு இறுகப் பிடித்தது.

"கேப்டன் வீரமரணம். அடுத்தவர் வர்றவரைக்கும் இந்த இடத்தை விட மாட்டேன்!"