கபிரியேலின் துறப்பணம்

1934இல் தலைமன்னார் இறங்குதுறைக் கந்தோரில் கிளாக்கராக இருந்த சவிரிமுத்துவுக்கு, ஓய்வு நேரத்தில் சங்கில் துளையிட்டுப் பூவேலை செய்ய ஆசை. அந்த வேலையில் கெட்டிக்காரரான கபிரியேல் காய்ச்சலில் இறந்து ஒரு மாதத்தில், அவருடைய மனைவி மதலேனாளிடம் போனான்.

“அக்கா, தன்ர கைத்துறப்பணத்தை எனக்குத் தாறனெண்டு அண்ணை சொன்னவர்.”

அது பச்சைப் பொய். அவள் அந்தத் துளையிடும் கருவி இருந்த பெட்டியை, ஐந்து அலகுகளோடு அப்படியே எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, தடித்த அலகைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினான். முதல் சங்கு வெடித்துப்போனது. மெல்லிய அலகை மாட்டி, அடுத்த சங்கில் ஒரேயொரு துளை போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது சங்கு முழுக்கப் பூ விரிந்திருந்தது. மேசையெல்லாம் வெள்ளைத் தூள். அலகு இன்னும் சூடாக இருந்தது.

மறுநாள் அதைத் தன் வேலையென்று கந்தோரில் காட்டினான்.

“கபிரியேலின்ர கை மாதிரியே இருக்கு” என்று பெரிய கிளாக்கர் மெச்சினார்.

சவிரிமுத்துவுக்கு முகம் எரிந்தது. பின்னேரமே பெட்டியோடு மதலேனாள் வீட்டுக்குப் போனான்.

“அக்கா, நான் சொன்னது பொய். அண்ணை அப்பிடிச் சொல்லவேயில்லை.”

“தெரியும், தம்பி” என்றாள் அவள். “நேற்று வந்து சொன்னவர். வாய்விட்டுக் கேட்டிருந்தால் தானே தந்திருப்பாராம். நீங்களே வைச்சிருங்கோ.”