கடைசி வரிசையில் தர்ஷிகா

"என் மகளைக் கடைசி வரிசையிலயா நிறுத்துவீங்க?"

குண்டசாலை கோவில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ராஜலிங்கம் சத்தம் போட்டார். ஒத்திகையில் இருந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நடனத்தை அமைத்த சஞ்சீவனி டீச்சர் சிரித்த முகம் மாறாமல் வந்தார்.

"வாங்கண்ணா, பிளேன்டீ குடிக்கிறீங்களா?"

"டீ குடிக்கவா வந்தேன்? முன்னுக்கு நிக்கிற பிள்ளைகளை விட இவ நல்லா ஆடுவா. நான் கோவில் கமிட்டிக்காரன். தேர் அன்னைக்குப் பிரதம விருந்தினர் பக்கத்துல உட்காரப் போறவன். 'உங்க மக எது?'ன்னு அவர் கேட்டா, மத்தப் பிள்ளைக தலைக்கு நடுவுல தேடிக்குங்கன்னு சொல்லவா?"

"என் நடனத்துல மேடைக்கு முன்பக்கம், பின்பக்கம்னு ஒண்ணும் இல்லண்ணா."

"பின்ன, சனம் உட்கார்ற கதிரையெல்லாம் கூரையிலயா போடுறது?"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"பரதமும் இல்ல, கண்டிய நடனமும் இல்ல. சலங்கை கூட இல்ல. சும்மா குனியிறதும் நிமிர்றதும்! அவளை முன்னுக்கு விடுங்க. இல்லாட்டி என் மக ஆட மாட்டா."

"அப்பா..." தர்ஷிகாவின் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு ஆடணும்பா."

அன்று வீட்டில் இரத்தினம்மாதான் கணவனைச் சமாதானப்படுத்தினாள்.

"பிள்ளை ஆசைப்படுது, விடுங்களேன். அம்மன் சந்நிதியில எந்த வரிசையா இருந்தா என்ன? எப்பவும் போல நீங்க பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க, போதும்."

அரை மனசோடு விட்டுக்கொடுத்தார்.

தேர் ஊர் சுற்றி வந்து சேர்ந்த பின்னேரம், மண்டபத்தில் உட்கார இடமில்லை. ராஜலிங்கம் வேட்டி மடிப்புக் கலையாமல் பிரதம விருந்தினர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகள் வெள்ளைப் பருத்தி உடுப்பில் வந்தார்கள். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், ஒன்றாகச் சுழன்றார்கள். மழை பெய்கிற மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் ராஜலிங்கத்தின் கண் கடைசி வரிசையை விட்டு நகரவில்லை.

விருந்தினர் சாய்ந்து கேட்டார். "இதுல உங்க மக எது?"

"அந்தா... அந்த உயரமான பிள்ளைக்குப் பின்னால... இப்ப தெரியாது... இருங்க, வருவா..."

திடீரென்று மத்தளம் நின்றது. அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பி, சபைக்கு முதுகைக் காட்டி ஆடத் தொடங்கினார்கள்!

கமிட்டித் தலைவர் அழகமுத்து எழும்பிவிட்டார். "என்ன அநியாயம்! பெரிய மனுசனுக்கு முதுகைக் காட்டுதுக!"

"நான் அப்பவே சொன்னேன்!" என்று ராஜலிங்கம் டீச்சரைத் தேடி மேடைக்குப் பின்பக்கம் ஓடினார்.

அங்கே, எப்போதும் பூட்டியே கிடக்கும் பின்கதவு அகலத் திறந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகை. அன்னதானச் சமையல்.

வருசா வருசம் விடியவே வந்து மரக்கறி வெட்டி, அண்டா அண்டாவாக ஆக்கிப் போடும் பெண்கள் அவர்கள். கலை நிகழ்ச்சியைக் காதால் கேட்டதோடு சரி. இன்றைக்கு வேலையைப் போட்டுவிட்டுக் கதவுக்கு எதிரே கூடி நின்றிருந்தார்கள்.

பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து, தோளை அசைத்து அசைத்து ஆடினார்கள்.

"அடியே, நான் தேங்காய் துருவுற மாதிரியே இருக்குடி!" என்று பாலம்மா கத்த, கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

எல்லாருக்கும் முன்னால் தர்ஷிகா. அவளுக்கு நேர் எதிரே, கையில் அகப்பையோடு இரத்தினம்மா. மகள் மேடையில் ஆடி அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கதவோரம் நின்ற டீச்சர் மெதுவாகச் சொன்னார். "யார் எங்க நிக்கிறதுன்னு பிள்ளைககிட்டயே விட்டேண்ணா. இந்த இடம் அவ கேட்டு வாங்கினது."

ராஜலிங்கம் மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. இரத்தினம்மா பதறித் திரும்பினாள். அவள் கையிலிருந்த அகப்பையை அவர் வாங்கிக்கொண்டார்.

"நீ பாரு. இதை நான் கிண்டுறேன்."

அதற்குள் அழகமுத்து மூச்சு வாங்க வந்து, கதவுக்கு நேராக நின்று கத்தினார். "யார் குடுத்த தைரியம் இது? ராஜலிங்கம், நீங்களே கேளுங்க!"

ராஜலிங்கம் கிண்டுவதை நிறுத்தாமலே சொன்னார்.

"தலைவரே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. முன்வரிசையில இருக்கிறவங்களுக்கு மறைக்குது."