முதலில் கயிறு, பிறகு செயின்

"மல்லாட்டையை மடியில கட்டிக்கினு போலாம்னு பாக்காதீங்க அத்தை, கேட்லயே புடுங்கிப்பாங்க" என்றாள் மருமகள் அம்சா.

பிடுங்கினால் பிடுங்கட்டும். ரெண்டு படி வேர்க்கடலை வேக வைத்தாயிற்று.

விடிந்தால் வேன். விழுப்புரத்திலிருந்து நாங்கள் ஏழு பேர். மாப்பிள்ளைக்கு வேலை திண்டிவனத்தில். போகிற வழியில் ஏறிக்கொள்வார் என்று என் மகள் கலைப்பிரியா சொல்லியிருக்கிறாள்.

உண்மையைச் சொன்னால், இந்த வாட்டர் பார்க் யோசனையே என்னுடையதுதான். தை மாதம் குழந்தையோடு வந்த மகள் இன்னும் திரும்பிப் போகவில்லை. கேட்டால், "அவருக்கு டூட்டி மாத்தி மாத்தி வருதும்மா" என்பாள். பெரியவர்கள் போய்ப் பேசினால் மாப்பிள்ளை இன்னும் முறுக்கிக்கொள்வார். பெற்ற பிள்ளை தண்ணீரில் குதிப்பதைப் பார்க்கவாவது வரமாட்டாரா? நாள் முழுக்க இரண்டு பேரும் ஒரே தண்ணீரில் கிடந்தால் எந்தக் கோபம்தான் ஊறிக் கரையாது?

மகன் போனைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தான். நைலான் துணிதான் போட வேண்டும். நகை கூடாது. சறுக்கலில் செயின் அறுந்தால் தேடித் தர மாட்டார்கள்.

அதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடல் குளியல், தூரப் பயணம் என்றால் செயினைக் கழற்றி வைத்துவிட்டுத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வோம். ஆனால் செயினைத் தொடுவதற்கு முன்பே, மஞ்சள் கொம்பு கட்டிய கயிறு ஒன்று கழுத்தில் ஏறிவிட வேண்டும். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது.

முதலில் அம்சாவுக்குக் கட்டினேன்.

"இறுக்காதீங்க அத்தை. ஒங்க புள்ள இறுக்குறதே போதும்."

மகன் போனைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

கலைப்பிரியா துணி மடிப்பதாகச் சொல்லி உள் அறையிலேயே இருந்தாள். நான்தான் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன்.

"எனக்கு வேணாம்மா. நான் தண்ணில எறங்கல. கரையில குந்திக்கினு பையப் பாத்துக்கறேன்."

"நல்லாருக்குதுடி! புருஷன் தண்ணில, நீ பைக்குக் காவலா? திரும்பு."

திரும்பினாள். பள்ளிக்கூடம் போன நாட்களில் பின்னலுக்கு உட்காருவது போல, முடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். குலதெய்வத்தை நினைத்து மூன்று முடிச்சுப் போட்டேன்.

பிறகு நைட்டிக்குள் கிடந்த செயினை மெல்ல வெளியே இழுத்தேன். அவள் தடுக்கவில்லை.

செயினின் முனையில் இரண்டு ஊக்கு தொங்கின. அவ்வளவுதான்.

நான் கதவைச் சாத்தினேன்.

"எங்கடி?"

"அவங்க வூட்டு சாமி ரூம்ல கழட்டி வச்சிட்டுத்தான்ம்மா வந்தேன்."

"அப்ப நாளைக்கி மாப்பிள்ளை?"

"நான் அவருக்குப் போனே பண்ணல."

வெளியே குழந்தைகள் நீச்சல் டியூபை ஊதிக்கொண்டிருந்தார்கள். யார் மூச்சு பெரியது என்று சண்டை.

என் கை தானாக முடிச்சுக்குப் போயிற்று. அவிழ்த்துவிட வேண்டும், வேறென்ன? ஆனால், கட்டிய கயிற்றை எங்களில் ஒரே ஒரு நாளில்தான் அவிழ்ப்பார்கள். அந்த மனிதர் திண்டிவனத்தில் நன்றாக இருக்கிறார்.

அவளே என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். செயினை மறுபடியும் உள்ளே போட்டுக்கொண்டு, கயிற்றை மட்டும் வெளியே தெரியும்படி சரி செய்தாள்.

"இருக்கட்டும்மா. வெளிய இழுத்துப் பாக்கற ஆளு நீ ஒருத்திதான்."