பூதக்கண்ணாடி போட்ட கரண்ட்

"நாளைக்குக் கரண்ட் நிக்கப்போகுது. இன்னைக்காவது அந்த மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்க."

கட்டிலில் சாய்ந்தபடி மனைவி சொன்னாள். அவள் மூக்கில் சின்னக் குழாய். அதன் மறுமுனை, கட்டிலடியில் உறுமிக்கொண்டிருந்த ஆக்ஸிஜன் மிஷினில். நுரையீரல் கைவிட்ட இந்த இரண்டு வருடமாக அந்த மிஷின் தயவில்தான் அவளுடைய மூச்சு ஓடுகிறது.

நாற்காலியில் இருந்த கணவர் சோலார் கையேட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். அங்கே அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி. மளிகைச் சீட்டைக்கூடத் திருத்தாமல் கடைக்குக் கொண்டுபோக மாட்டார்.

பராமரிப்பு வேலைக்காக நாளை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என்று அறிவித்துவிட்டார்கள். எட்டு மணி நேரம்! போன கோடையில் மூன்று மணி நேரம் கரண்ட் போனதற்கே அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்த சோலார்.

கட்டியதில் யாரும் குறை சொல்ல முடியாது. பழைய ஓட்டுக் கூரை பாரம் தாங்காது என்று கொல்லையில் தரையிலேயே நட்டார். கடப்பாரையால் இரண்டரை அடிக் குழி பறித்து, காங்கிரீட் போட்டு, இரும்புக் குழாய் நிறுத்தி, அதன்மேல் பத்து பேனல். தகரக் கொட்டகையில் இன்வெர்ட்டரும், டிரங்குப் பெட்டி அளவுக்கு பேட்டரியும். நாலு மாதம் ஆயிற்று. கை முழுக்கக் காய்ப்பு. ஒவ்வொரு வயர் நம்பரையும் அவர் சத்தமாகப் படிப்பார். அவள் படத்தைப் பார்த்து "சரி" என்பாள்.

பல்பு, ஃபேன், இஸ்திரிப் பெட்டி என்று தனித்தனியாக ஓட்டிப் பார்த்தாயிற்று. முந்தாநாள் வீட்டு லைனையும் அதோடு சேர்த்துவிட்டார். இனிமேல் வெளியே கரண்ட் நின்றால் பேட்டரி தானாகவே வீட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும். மெயினை இறக்கினால்தான் அது தெரியும். அதற்குத்தான் மனுஷனுக்குத் துணிச்சல் வரவில்லை.

எல்லாம் அந்தக் கையேட்டால் வந்த வினை. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்ததை நேற்று கண்டுபிடித்துவிட்டார். பூதக்கண்ணாடிக்கு அது போதாதா?

"ஒரு வரியை விட்டவன் படத்துல ஒரு வயரை விட்டிருக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? கன்னாபின்னான்னு வோல்டேஜ் பாஞ்சா மிஷின் கருகிடும். அப்புறம் நீ..."



அவள் தம்பி எலெக்ட்ரீஷியன். காலையில் அவனுக்குப் போன் போட்டார். வேலையைத் தன்னிடம் கொடுக்காத கடுப்பு இன்னும் ஆறாதவன், தான் இழுக்காத வயரைத் தான் தொடுவதில்லை என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டான். சரி, ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டராவது பக்கத்தில் இருக்கட்டும் என்று ஒன்பது மணிக்குக் கிளம்பி, கடை கடையாக ஏறி இறங்கினார். நாளை சாயங்காலம்தான் வரும் என்றார்கள். நாளை சாயங்காலம் வந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? வெறுங்கையோடு திரும்பியவர் கொல்லைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதோ, மணி மூன்று.

"பேசாம ஆஸ்பத்திரியில சேர்த்துடறேன். ஒரு நாள்தானே?"

"போன தடவையும் ஒரு நாள்னுதான் கூட்டிட்டுப் போனீங்க. பத்தொன்பது நாள் கழிச்சுப் பாதி உடம்பாத் திரும்பி வந்தேன். இனி எது ஆனாலும் இந்த வீட்டுலயே ஆகட்டும்."

அவருக்குக் கோபம் வந்தது. எல்லாம் தன்மேல்தான். தனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை, பேசாமல் மச்சானிடமே கொடுத்துத் தொலைத்திருக்கலாம் என்று புலம்பினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"என் கையால உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்மா," என்றார் கடைசியில்.

"முப்பது வருஷம் அடுத்தவங்க வேலையில தப்புக் கண்டுபிடிச்சீங்க. உங்க வேலை சரியா இருக்குன்னு ஒரு தடவையாவது நம்பிப் பாருங்களேன். போங்க, போய் மெயின் பெட்டியைத் திறங்க."

எழுந்தார். செல்போனில் ஆம்புலன்ஸ் நம்பரை எடுத்துத் தயாராக அவள் கையில் கொடுத்தார். குனிந்து மிஷினில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டு நடைக்கு வந்தார். மெயின் போர்டு அங்கே ஒரு மரப் பெட்டிக்குள் இருந்தது. வேர்த்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இழுத்து மூச்சு விட்டுக்கோ. இறக்கப் போறேன்," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

சுவிட்ச் ஏற்கெனவே இறங்கியிருந்தது.

உள்ளே மிஷின் மட்டும் அதே சீராக உறுமிக்கொண்டிருந்தது. திரும்பினால், நீளக் குழாயை இழுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்து சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"நீங்க சிலிண்டர் தேடித் தெருமுனை தாண்டினதுமே இறக்கிட்டேன். ஆறு மணி நேரமா உங்க கரண்ட்லதான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்."