பருந்தைப் பெற்றவள்

கமிஷனர் தேம்பித் தேம்பி அழுதார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மூக்கு சிவக்கச் சிவக்க அழுதார்.

"அட, அழாதீங்க தம்பி. ஊரே உங்களைக் கண்டு நடுங்குது, நீங்க என்னடான்னா..." அந்த வீட்டு அம்மாள் துண்டை நீட்டினாள்.

"எங்கம்மா ஞாபகம் வந்திருச்சும்மா. போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. அச்சு அசல் உங்க முகம்."

அவருடைய அம்மா பக்கத்து ஊரில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். கண்ணீர் தேவைப்படும்போதெல்லாம் கமிஷனர் தான் ஓய்வு பெறப்போகும் நாளை நினைத்துக்கொள்வார். பொலபொலவென்று கொட்டும்.

நண்பகலிலும் தெருவிளக்கை எரியவிட வேண்டிய அளவுக்குப் புகை மண்டிய நகரம் அது. கொள்ளையடிப்பவன், கொளுத்துபவன், ஆள் கடத்துபவன் எல்லோர் தலைமேலும் கமிஷனரின் கை இருந்தது. ஒருவனை இன்னொருவன்மேல் ஏவிவிட்டு, மிஞ்சியவனின் முதுகில் தட்டிக்கொடுப்பார்.

இந்த நிம்மதியான பிழைப்பில் மண்ணைப் போட்டது ஒரே ஆள். கறுப்பு உடுப்பும் முகமூடியுமாகக் கூரைக்குக் கூரை பறந்து, அவருடைய ஆட்களைக் கொத்துக் கொத்தாக விளக்குக் கம்பத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் போகும் 'கரும்பருந்து'.

பருந்து வந்து அடைவது இந்தக் கட்டடத்தின் உச்சி வீட்டில்தான் என்று இப்போதுதான் துப்புக் கிடைத்திருந்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். பல் டாக்டரான பையன், அவனுடைய அம்மா. இதற்குமேல் துப்பறிய என்ன இருக்கிறது?

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஈ காக்கைகூட எதிர்ப்படாத அந்த ஒரே படிக்கட்டில் ஒன்பது மாடியும் ஏறி வந்து, மணியை அடித்து அடித்து விரல் வலித்த பிறகுதான் கதவு உள்ளேயிருந்து திறந்தது. "கடைக்குப் போயிட்டு இப்பத்தான் நுழையறேன் தம்பி" என்று காய்கறிப் பையோடு நின்றாள் அம்மாள். கமிஷனருக்கு வாங்கிய மூச்சில் வணக்கம்கூட முழுசாக வரவில்லை.

இப்போது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தழைத்தார். "ஒளிக்காதீங்கம்மா. உங்க பையன்தான் கரும்பருந்துன்னு எனக்குத் தெரியும்."

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "அவனா? பால்கனியில துணி காயப்போடச் சொன்னாலே சுவத்தைப் பிடிச்சுக்குவான் தம்பி."

பையன் நடிப்பில் தன்னையே மிஞ்சிவிடுவான் போலிருக்கிறதே என்று கமிஷனர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

"இப்ப சிரிக்கிற நேரமில்லம்மா. அவன் கிளினிக்ல கூலிப்படை உக்காந்திருக்கு. பல்வலின்னு கன்னத்துல துணியைக் கட்டிக்கிட்டு நாலு பேரு. எந்த நேரமும் உள்ள பூந்துருவானுங்க."

அம்மாளின் சிரிப்பு நின்றது. பொய்யில் உண்மையைக் கலப்பதில் கமிஷனரின் கைப்பக்குவமே தனி. நாலு பேரும் நிஜம். அனுப்பியவர் அவரே.

"நான் என்ன பண்ணணும்?"

"அவனோட உடுப்பையும் முகமூடியையும் எங்கிட்ட குடுத்துடுங்க. ஆத்துல வீசிட்டு, பருந்து செத்துப்போச்சுன்னு அறிவிச்சிடறேன். அப்புறம் உங்க பையனை எவன் தொடப்போறான்?"

சாயங்காலம் டிவிக்காரர்கள் முன்னால் அதே உடுப்பைப் பையனுக்கு மாட்டி, கையில் விலங்கையும் மாட்டினால் போதும். ஓய்வு பெறும் நாள் தானாகத் தள்ளிப்போகும்.

அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "முதல்ல அந்த நாலு பேரும் அங்கேர்ந்து போகட்டும். அப்புறம் எடுத்துத் தரேன். ஆனா நீங்க சொன்னா கேப்பானுங்களா?"

கமிஷனருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? இந்த ஊர்ல என் பேச்சைக் கேக்காதது அந்தப் பருந்து ஒண்ணுதாம்மா."

அங்கேயே போனை எடுத்தார். "டேய், எல்லாரும் கிளம்புங்க. என்னது, புடுங்கிட்டாரா? யாருக்கு? சரி சரி, இருக்கிற பல்லோட கிளம்புங்கடா."

அம்மாள் பையனிடம் போனில் பேசி உறுதி செய்துகொண்டாள். "நாலு பேரும் ஓடிட்டாங்கம்மா, ஒருத்தர் வாயில பஞ்சோட" என்று அவன் குழம்பிப்போய்ச் சொன்னது கமிஷனர் காதிலும் விழுந்தது.

"இருங்க தம்பி, கொண்டாரேன்" என்று அவள் உள்ளறைக்குப் போனாள்.

கமிஷனர் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினார். தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். ஒரு துப்பாக்கிக் குண்டு செலவில்லாமல், வெறும் மூக்கை உறிஞ்சியே பருந்தைப் பிடித்த போலீஸ்காரன் உலகத்தில் வேறு எவன் இருக்கிறான்? பால்கனிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு, கேமராவுக்கு எந்தக் கன்னத்தைக் காட்டுவது என்று இடமும் வலமுமாகத் திரும்பி ஒத்திகை பார்த்தார்.

பின்னால் துணி சரசரத்தது.

"கொண்டாங்கம்மா" என்று கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார்.

கையில் எதுவும் விழவில்லை. இடுப்பு பெல்ட்டை யாரோ கொத்தாகப் பற்றினார்கள். குளிர்ந்த காற்று குப்பென்று முகத்தில் அடித்தது. காலை அழுத்தி ஊன்றிப் பார்த்தார், ஊன்றுவதற்குத் தரை இல்லை. கண்ணைத் திறந்தபோது மொட்டை மாடி சீட்டுக்கட்டு அளவுக்குச் சுருங்கிக் கீழே கிடந்தது. தெருவில் நின்ற அவருடைய ஜீப் கடுகாகியிருந்தது.

காதருகே கறுப்பு முகமூடி அக்கறையோடு சொன்னது:

"கீழ பாக்காதீங்க தம்பி, தலை சுத்தும்."